ஸ்வால்பார்டில் அனுமதியும் அலைவரிசையும்

ஆர்க்டிக் பிரதேசத்தின் ஆளரவமற்ற பகுதிகளுக்கு ஆய்வுக்குப் போகும் குழு, கிளம்புவதற்குப் பல மாதங்கள் முன்பே இரண்டு வேலைகளைத் தொடங்கியாக வேண்டும். ஒன்று, அங்கே போகவும் தங்கவும் மாதிரிகள் எடுக்கவும் அனுமதி வாங்குவது. மற்றொன்று, போன இடத்திலிருந்து வெளியுலகத்தோடு பேச வழிசெய்துகொள்வது. திட்ட அறிக்கைகளில் இவை தனித்தனித் தலைப்புகளில் வரும். முன்னது நிர்வாகம், பின்னது கருவிப் பட்டியல். களத்தில் அந்தப் பிரிவினை செல்லாது. ஆபத்து நேர்ந்தால் குழு யாரிடம் சொல்லும், எப்படிச் சொல்லும், மீட்கப் போகிறவர்களின் செலவை யார் தருவார்கள் என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்காமல் ஆர்க்டிக் அலுவலகங்கள் எளிதில் அனுமதி தருவதில்லை. பேசும் கருவிக்கே தனி அனுமதி வேண்டிய இடங்களும் உண்டு. நார்வேயின் ஆளுகையில் உள்ள ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் இந்த இரண்டும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

ஸ்வால்பார்டின் சட்டநிலை விசித்திரமானது. 1920 பிப்ரவரி 9 அன்று பாரிஸில் கையெழுத்தாகி 1925 ஆகஸ்ட் 14 அன்று நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், தீவுகளின் மீது நார்வேக்கு முழு இறைமை தருகிறது. ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளின் குடிமக்களுக்கோ மீன்பிடிப்பு, வேட்டை, சுரங்கம், வணிகம் ஆகியவற்றில் சம உரிமை உண்டு. பிரிட்டிஷ் பேரரசின் பகுதியாக இருந்த இந்தியாவும் அன்றே இதில் சேர்ந்துவிட்டது. அறிவியல் ஆய்வைப் பற்றி மட்டும் ஒப்பந்தம் வாக்குறுதியோடு நின்றுவிட்டது. ஆய்வுக்கான நிபந்தனைகளைப் பின்னர் ஒரு தனி உடன்படிக்கையால் வகுப்பது என்று அதன் ஐந்தாம் பிரிவு சொல்கிறது. நூறாண்டு கடந்தும் அந்த உடன்படிக்கை எழுதப்படவில்லை. ஆகவே ஆய்வு தன் உள்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது என்பது நார்வேயின் நிலைப்பாடு. வேறு சில நாடுகள் இதை முழு மனத்தோடு ஏற்பதில்லை. ஆனால் விண்ணப்பத்தை எல்லோரும் நிரப்பத்தான் செய்கிறார்கள்.

விசாவிலேயே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ஸ்வால்பார்டுக்குள் நுழைய விசா தேவையில்லை. அது ஷெங்கன் வட்டத்துக்கு வெளியே உள்ளது. ஆனால் அங்கே போகும் பயணிகள் விமானம் நார்வேயின் பெருநிலத்திலிருந்துதான் கிளம்புகிறது. ஆஸ்லோ வழியாகப் போகும் இந்தியர் ஷெங்கனுக்குள் ஒருமுறை நுழைந்து, ஸ்வால்பார்டு போகும்போது வெளியேறி, திரும்பும்போது மறுபடி நுழைகிறார். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவோடு வந்தவர் தீவுக்குப் போய்விடலாம். ஊர் திரும்பும்போது மாட்டிக்கொள்வார்.

களப்பணிக்கான அனுமதியின் அடிப்படை, 2001-இல் இயற்றப்பட்டு 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஸ்வால்பார்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். தீவுகளின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 65 விழுக்காடு பாதுகாக்கப்பட்ட பகுதி. விண்ணப்பங்கள் ‘ஸ்வால்பார்டில் ஆய்வு’ என்ற இணையத் தரவுத்தளத்தின் வழியாக, லாங்யர்பியன் நகரில் உள்ள ஆளுநர் அலுவலகத்துக்குப் போகின்றன. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஓர் எண் தரப்படுகிறது. பாதுகாக்கப்பட்ட பகுதியில் பாசியையோ பறவை முட்டையையோ மாதிரியாக எடுக்க வேண்டுமா, பனிச்சறுக்கு வண்டியில் போக வேண்டுமா, ஹெலிகாப்டரை இறக்க வேண்டுமா, ஒரு வெப்பமானியைக் குளிர்காலம் முழுக்க நட்டுவைத்துவிட்டு வர வேண்டுமா, எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதில் அலுவலகம் கறாராக இருக்கிறது. நட்ட கருவியைப் பிடுங்காமல் போன குழுக்கள் பனிவெளியில் விட்டுச்சென்ற கம்பிகளும் மின்கலங்களும் பல பத்தாண்டுகளுக்கு மக்காமல் கிடக்கும். கருவியை எப்போது, யார் வந்து எடுப்பார்கள் என்பதும் விண்ணப்பத்திலேயே இடம்பெற வேண்டும்.

புதிதாக வருகிறவர்களை வியக்கவைக்கும் விதி வேறொன்று. 1946-க்கு முற்பட்ட மனிதத் தடயம் எதுவானாலும் அது தானாகவே பாதுகாப்புக்கு உரியது. வேட்டைக்காரர் குடிசையின் இற்றுப்போன பலகை, திமிங்கில எண்ணெய் காய்ச்சிய அடுப்பின் கல், துருப்பிடித்த தகர டப்பாக் குவியல் எல்லாம் இதில் அடங்கும். சுற்றிலும் 100 மீட்டருக்குள் கூடாரம் அடிக்கக்கூடாது. நல்ல தண்ணீரும் காற்றுக்கு மறைவும் கிடைக்கிற கரையோரங்களைத்தான் பழைய வேட்டைக்காரர்களும் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் கூடாரத்துக்குத் தோதான இடம் பல வேளைகளில் விலக்கப்பட்ட இடமாகவே அமைந்துவிடுகிறது.

பனிக்கரடி காரணமாகத் துப்பாக்கிக்கும் தனி அனுமதி வேண்டும். குடியிருப்புகளுக்கு வெளியே போகிறவர்கள் கரடியை விரட்டும் கருவிகளை எடுத்துச்செல்வது கட்டாயம். துப்பாக்கியும் கைவசம் இருக்க வேண்டும் என்பது அதிகாரிகளின் அறிவுரை. சொந்த உரிமம் இல்லாதவர் வாடகைக்கு எடுக்க ஆளுநரின் ஒப்புதல் தேவை. 2025 தொடக்கத்திலிருந்து கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் விலகியிருக்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர்.

இவற்றோடு மீட்புச் செலவுக்கான ஏற்பாடும் சேர்ந்துகொள்கிறது. குடியிருப்புகளைச் சுற்றியுள்ள பகுதியைத் தாண்டிப் போகும் வெளியூர்க் குழுவின் திட்டத்தை ஆளுநர் மாற்றச் சொல்லலாம், தடுக்கலாம், மீட்புச் செலவுக்குக் காப்பீடோ வங்கி உத்தரவாதமோ கேட்கலாம். ஸ்வால்பார்டில் ஆளுநரே காவல்துறைத் தலைவர். மீட்புப் பணியை நடத்துபவரும் அவரே. விண்ணப்பத்தில் கையெழுத்திடும் அலுவலகமும் ஹெலிகாப்டரை அனுப்பும் அலுவலகமும் ஒன்று என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தப் படிவங்கள் ஏன் அவ்வளவு துருவிக் கேட்கின்றன என்பது விளங்கும். வழித்தடமும் தேதியும் தொடர்பு எண்களும் நிரம்பிய விண்ணப்பம்தான், குழு காணாமல் போனால் தேடல் தொடங்கும் முதல் ஆவணம்.

ஆனால் அந்த எண்களில் கூப்பிட்டால் மணி அடிக்க வேண்டுமே. அங்கேதான் புவியின் வடிவம் குறுக்கே நிற்கிறது. வழக்கமான தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுற்றுகின்றன. வடக்கே போகப்போக அவை வானில் தாழ்ந்துகொண்டே வந்து, ஏறக்குறைய 81 பாகை அட்சரேகையைத் தாண்டினால் தொடுவானுக்குக் கீழே போய்விடுகின்றன. ஸ்வால்பார்டின் நீ-ஓலெசுண்ட் ஆய்வுக் குடியிருப்பு 78 பாகை 55 கலையில் இருக்கிறது. நேர் தெற்கில் செயற்கைக்கோள் இருந்தாலும் அங்கே அது தொடுவானுக்கு மேல் இரண்டரைப் பாகைதான் எழும். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் ஏறத்தாழ ஒரு விரலகலம். சுற்றிலும் மலை, மலையில்லாத இடத்திலும் அவ்வளவு சாய்வாக வரும் அலை வளிமண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து நலிந்துவிடும். கப்பல்களின் பாதுகாப்புக்கான உலக விதிகள் இந்த உண்மையை ஏற்று, புவிநிலைச் செயற்கைக்கோள்கள் எட்டாத துருவக் கடல்களை ‘ஏ4’ என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கின்றன. அங்கே சிற்றலை வானொலியே நெடுங்காலம் துணையாக இருந்தது.

சிற்றலையின் குணம் அறியாமல் அதை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆர்க்டிக் வரலாற்றில் 1928-ஐ விடப் பெரிய சான்று இல்லை. அந்த ஆண்டு மே 23 அன்று உம்பெர்தோ நோபிலேயின் தலைமையில் ‘இத்தாலியா’ என்ற வான்கப்பல் கிங்ஸ் பேயிலிருந்து கிளம்பியது. இன்றைய நீ-ஓலெசுண்ட்தான் அந்த இடம். துருவத்தை எட்டித் திரும்பும் வழியில் மே 25 அன்று அது பனிக்கட்டியில் மோதி உடைந்தது. பனியில் உயிரோடு விழுந்த ஒன்பது பேரில் வானொலி இயக்குநர் ஜூசெப்பே பியாஜியும் ஒருவர். அவரிடம் சிறிய அவசரச் சிற்றலைக் கருவி ஒன்று தப்பியிருந்தது. பழைய உலோகத் துண்டுகளைக் கொண்டு கம்பம் நட்டு, நாள்தோறும் உதவி கேட்டு அழைத்துக்கொண்டே இருந்தார். ரோம் நகரத்து ஒலிபரப்பு அவருக்குத் தெளிவாகக் கேட்டது. சில நூறு கிலோமீட்டர் தூரத்தில் கிங்ஸ் பேயில் நின்ற துணைக்கப்பல் ‘சித்தா டி மிலானோ’வுக்கோ அவர் குரல் எட்டவேயில்லை.

காரணம் அயனி மண்டலம். தரையோடு ஒட்டிப் போகும் அலை சிறிது தூரத்திலேயே தேய்ந்துவிடும். மேலே போகும் அலை அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரத்தில் தரை இறங்கும். இடையே எதுவும் கேட்காத ஊமைப் பட்டை. துணைக்கப்பல் அந்தப் பட்டைக்குள் நின்றது. கப்பலின் வானொலி அறை பத்திரிகைச் செய்திகளையும் சொந்தக் கடிதங்களையும் அனுப்புவதில் மும்முரமாக இருந்ததும், அக்கறையோடு காதுகொடுக்கவில்லை என்பதும் பின்னர் குற்றச்சாட்டாக எழுந்தன. அலையைக் கடைசியில் பிடித்தவர் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ரஷ்யாவின் உட்கிராமம் ஒன்றில் தானே செய்த வானொலிப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த நிக்கலாய் ஷ்மித் என்ற இளைஞர். அன்று ஜூன் 3. அதன் பிறகே தேடல் சரியான திசைக்குத் திரும்பியது. எஞ்சியவர்களை சோவியத் பனியுடைப்புக் கப்பல் ‘கிராசின்’ ஜூலை 12 அன்று மீட்டது. தேடப் போன துருவப் பயணி ரோவால்ட் அமுன்சென் ஜூன் 18 அன்று விமானத்தோடு மறைந்தார்.

அயனி மண்டலத்தின் குணம் இன்றும் மாறவில்லை. சூரியனிலிருந்து வீசும் துகள்கள் துருவ வானில் மோதும்போது சிற்றலைத் தொடர்பு மணிக்கணக்காக, சிலவேளை நாள்கணக்காக அடைத்துக்கொள்ளும்.

நிலைமையை மாற்றியது இரிடியம். சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில், துருவங்களை ஒட்டிச் செல்லும் ஆறு சுற்றுப்பாதைகளில் 66 செயற்கைக்கோள்கள். எல்லாப் பாதைகளும் துருவத்தருகே நெருங்குவதால், மற்ற செயற்கைக்கோள்கள் கைவிடும் இடத்தில்தான் இவை அடர்த்தியாக இருக்கின்றன. 1998 நவம்பரில் சேவை தொடங்கியது; அடுத்த ஆகஸ்டிலேயே நிறுவனம் திவாலானது. செயற்கைக்கோள்களைச் சுற்றுப்பாதையிலிருந்து இறக்கி எரித்துவிடவும் திட்டம் இருந்தது. ஏறக்குறைய 500 கோடி டாலரில் கட்டப்பட்ட அமைப்பை 2000-இன் இறுதியில் புதிய உரிமையாளர்கள் சுமார் 2.5 கோடி டாலருக்கு வாங்கினார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒப்பந்தம் அதைக் காப்பாற்றியது. துருவ ஆய்வுக்கு இவ்வளவு பயன்பட்ட ஒரு கருவி, துருவ ஆய்வை மனதில் வைத்து உருவாக்கப்பட்டதும் அல்ல, அதற்காகக் காப்பாற்றப்பட்டதும் அல்ல. பழைய இரிடியத்தின் தரவு வேகம் நொடிக்கு 2.4 கிலோபிட்; ஒரு புகைப்படம் அனுப்பவே பொறுமை வேண்டும். 2019 தொடக்கத்தில் நிறைவடைந்த புதிய தலைமுறை அதைப் பலமடங்கு உயர்த்தியது. 2020 இறுதியிலிருந்து கப்பல்களின் அதிகாரபூர்வ அவசரத் தொடர்புக்கும் இரிடியம் ஏற்கப்பட்டிருக்கிறது.

பேச்சே இல்லாமல் ஆபத்தை மட்டும் அறிவிக்கும் கருவி தனி. 406 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் இந்த அவசரக் கலங்கரைக் கருவியை அழுத்தினால், காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு அமைப்பின் செயற்கைக்கோள்கள் அதைப் பிடித்து மீட்பு மையத்துக்குச் சொல்லும். ஸ்வால்பார்டுக்கு உரிய மையம் வட நார்வேயின் பூடே நகரில் உள்ளது. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அடையாளக் குறியீடு உண்டு. உரியவர் பெயரில் பதிவு செய்யப்படாவிட்டால் இடம் தெரியும், ஆள் யார், எத்தனை பேர் என்பது தெரியாது. கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பதிவை மறந்துவிடுவது இந்தத் துறையில் அடிக்கடி எச்சரிக்கப்படும் தவறு.

நீ-ஓலெசுண்டில் இந்தக் கருவிகள் எல்லாம் இன்னொரு சல்லடையைத் தாண்ட வேண்டும். முன்பு அது நிலக்கரிச் சுரங்க ஊர். 1962 நவம்பர் 5 அன்று நடந்த வெடிப்பில் 21 பேர் இறந்த பிறகு சுரங்கம் மூடப்பட்டது. ஊர் முழுக்க நார்வே அரசுக்குச் சொந்தமான கிங்ஸ் பே நிறுவனத்தின் கையில். கட்டடங்களைப் பல நாடுகளின் ஆய்வு நிறுவனங்கள் வாடகைக்கு எடுத்திருக்கின்றன. இந்தியாவின் ‘ஹிமாத்ரி’ 2008 ஜூலை 1 அன்று அங்கே திறக்கப்பட்டது. ஊரை ஒட்டி நார்வே நில அளவைத் துறையின் வானொலித் தொலைநோக்கிகள் இருக்கின்றன. கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள குவேசார்களின் வானொலி அலைகளை உலகின் பல மூலைகளிலிருந்து ஒரே நேரத்தில் கேட்டு, வந்துசேரும் நேர வேறுபாட்டைக் கொண்டு பூமியின் சுழற்சியையும் கண்டத்தட்டுகளின் நகர்வையும் அளப்பது அவற்றின் வேலை. வந்துசேரும் அலை மிக நலிந்தது. பக்கத்து அறையின் வைஃபை அதை மூழ்கடித்துவிடும்.

ஆகவே ஊரைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் 2 முதல் 32 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகளில் எதையும் ஒலிபரப்பக்கூடாது. வைஃபையும் புளூடூத்தும் இதற்குள் மாட்டிக்கொள்கின்றன. கைப்பேசியைப் படகிலோ விமானத்திலோ இருக்கும்போதே விமானப் பயன்முறையில் போட்டுவிட வேண்டும். கம்பியில்லாச் சுட்டி, கைக்கடிகாரம், கேமராவுக்குள் ஒளிந்திருக்கும் புளூடூத் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். அங்கே இணையம் கம்பி வழியாகத்தான் கணினிக்கு வருகிறது. ட்ரோன்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் கட்டுப்படுத்தப்படுவதால் அவையும் சிக்கும். 24 கிகாஹெர்ட்ஸில் மழைத்துளியை அளக்கும் சிறு ராடார் போன்ற ஆய்வுக் கருவிகளுக்கு நார்வே தகவல்தொடர்பு ஆணையத்திடம் தனி விலக்கு பெற வேண்டும். ஆய்வுக்காகவே அமைந்த ஊரில் ஒருவரின் ஆய்வு மற்றவரின் ஆய்வுக்கு இரைச்சலாகிவிடுகிறது. இங்கே அலைவரிசையும் ஒரு பொதுச்சொத்து.

இந்தத் தடையின் எல்லைகள் உயிர்காக்கும் கருவிகளைத் தொடவில்லை. களத்தில் கையில் வைத்துப் பேசும் விஎச்எஃப் வானொலியும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவியும் 2 கிகாஹெர்ட்ஸுக்கு வெகு கீழே. இரிடியம் கைப்பேசி 1.6 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குவதால் அதுவும் தப்பிக்கிறது. ஜிபிஎஸ் கருவி அலையை வாங்குகிறதே ஒழிய அனுப்புவதில்லை. ஸ்டார்லிங்க் அலைவாங்கிகள் பேசும் அலைவரிசையோ தடைக்குள் நடுவிலேயே விழுகிறது. வேறு ஆர்க்டிக் முகாம்களில் வேகமாகப் பரவிவரும் அந்த வசதியை இங்கே வழக்கம்போல் பெட்டியைத் திறந்து நட்டுவிட முடியாது.

இதே தீவின் இன்னொரு பகுதியில் உலகின் மிகப் பரபரப்பான தரைநிலையங்களில் ஒன்று இயங்குவது வேடிக்கைதான். லாங்யர்பியனுக்கு மேலே மலைமுகட்டில் 1997 முதல் இயங்கும் ஸ்வால்சாட், துருவச் சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்களை அவற்றின் ஒவ்வொரு சுற்றிலும் பார்க்கக்கூடியது. அந்தத் தரவை வெளியே கொண்டுபோகவே 2004-இல் வட நார்வேக்கு இரண்டு கடலடிக் கேபிள்கள் செயல்படத் தொடங்கின. ஊர்மக்களுக்கு அதிவேக இணையம் அதன் வழியே வந்தது. 2022 ஜனவரி 7 அன்று அவற்றில் ஒன்று பழுதானது. மனிதச் செயல் காரணமாக இருக்கலாம் என்று காவல்துறை கருதினாலும், போதிய ஆதாரம் கிடைக்காமல் விசாரணை கைவிடப்பட்டது. இரண்டாவது கேபிள் இருந்ததால் இணைப்பு அறுபடவில்லை. 2024 ஆகஸ்டில் நார்வேக்காக ஏவப்பட்ட இரண்டு செயற்கைக்கோள்கள், நீள்வட்டப் பாதையில் ஆர்க்டிக்கின் மேலேயே நீண்டநேரம் இருந்து அகலக்கற்றை இணைப்புத் தருவதற்கானவை.

மற்ற ஆர்க்டிக் பகுதிகளில் அழுத்தம் வேறு இடங்களில் விழுகிறது. கிரீன்லாந்தில் உள்நிலப் பனிப்பரப்புக்கும் வடகிழக்குத் தேசியப் பூங்காவுக்கும் போகும் குழு அந்நாட்டு அரசிடம் அனுமதி பெற வேண்டும். மீட்புக் காப்பீடும் தொடர்புக் கருவிகளும் நிபந்தனைகள். 1974-இல் அமைக்கப்பட்ட அந்தப் பூங்கா ஏறத்தாழ 9,72,000 சதுர கிலோமீட்டர், உலகிலேயே பெரியது. நிரந்தரக் குடிமக்கள் இல்லை.

கனடாவின் நுனாவுட்டிலோ நிலத்துக்கு உரியவர்கள் இருக்கிறார்கள். அறிவியலாளர் சட்டத்தின்கீழ் உரிமம் தரும் நுனாவுட் ஆய்வு நிறுவனம், திட்டச் சுருக்கத்தை இனுக்டிடூட் மொழியிலும் கேட்கிறது. இனுவிட் மக்களுக்குச் சொந்தமான நிலத்தில் கால்வைக்க வட்டார இனுவிட் சங்கத்தின் சம்மதமும் வேண்டும். மாதிரிகளை அள்ளிக்கொண்டு போய், முடிவை ஊராரிடம் சொல்லாமலேயே விட்ட பழைய ஆய்வாளர்களின் நினைவு இந்தக் கறாருக்குப் பின்னால் இருக்கிறது. 2018-இல் இனுவிட் தேசிய அமைப்பு வெளியிட்ட ஆய்வுக் கொள்கையும் இதை வெளிப்படையாகப் பேசுகிறது. களக்குழுக்களுக்கு விமானமும் தளவாடமும் ஏற்பாடு செய்யும் துருவக் கண்டத்திட்டுத் திட்டம் ரெசொல்யூட் ஊரிலிருந்து குழுக்களோடு காலையும் மாலையும் பேசிக் கணக்கெடுக்கிறது. பேச வேண்டிய நேரத்தில் பேசாத குழுவும் ஒரு தகவல்தான். அதைக் கொண்டே அங்கே கவலை தொடங்கும்.

கடலில் விதிகள் மறுபடி மாறுகின்றன. ஐ.நா. கடல்சட்டப்படி, பிற நாட்டின் தனிப் பொருளாதார மண்டலத்தில் ஆய்வு செய்ய அந்நாட்டின் சம்மதம் தேவை. விவரங்களை ஆறு மாதம் முன்பே தர வேண்டும். நடைமுறையில் பல விண்ணப்பங்கள் தாமதமாகின. அதைச் சீராக்க எட்டு ஆர்க்டிக் நாடுகள் 2017 மே 11 அன்று ஃபேர்பேங்க்ஸ் நகரில் அறிவியல் ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆள்களும் கருவிகளும் மாதிரிகளும் எல்லை கடக்க வழிவிடுவது அதன் சாரம். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, ஆர்க்டிக் கரையில் ஏறத்தாழ பாதியை வைத்திருக்கும் ரஷ்யாவோடு மற்ற ஏழு நாடுகளின் கள ஒத்துழைப்பு பெரும்பாலும் நின்றுபோனது.

கடலுக்கு அடியில் தொடர்புச் சிக்கல் இன்னும் கடுமை; வானொலி அலை உப்புநீரில் செல்வதில்லை. சென்னையின் தேசிய பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனமும் கோவாவின் துருவ ஆய்வு மையமும் சேர்ந்து 2014 ஜூலையில் நீ-ஓலெசுண்டை ஒட்டிய கோங்ஸ்ஃபியோர்டில் ‘இண்ட்ஆர்க்’ என்ற கருவித் தொடரை 192 மீட்டர் ஆழத்தில் நங்கூரமிட்டன. வெப்பநிலை, உப்புத்தன்மை, நீரோட்டம் ஆகியவற்றை அது ஆண்டு முழுக்கப் பதிந்துகொள்ளும். அந்தத் தரவு கருவியை மேலே எடுக்கும்போதுதான் ஆய்வாளர் கைக்கு வரும்.

2023 டிசம்பரில் இந்தியா முதன்முறையாகக் குளிர்காலக் குழுவையும் ஹிமாத்ரிக்கு அனுப்பியது. இந்தியக் குழுக்களுக்கு ஒரு சட்டச் சிக்கல் சொந்த ஊரிலேயே இருக்கிறது. தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் இல்லாமல் இந்தியாவுக்குள் செயற்கைக்கோள் கைப்பேசி வைத்திருப்பது குற்றம். இரிடியம் கைப்பேசியோடு விமான நிலையங்களில் பிடிபட்ட வெளிநாட்டுப் பயணிகள் பலர். ஆர்க்டிக்கில் உயிரைக் காக்கும் அதே கருவி டில்லியில் வழக்காகிவிடலாம். நார்வேயில் வாடகைக்கு எடுத்து, கிளம்பும் முன் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் சிக்கலில்லாத வழி.